நண்டோடையில் இல்லாத வளைவு

நண்டோடையை ஆறு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வடமேற்கே முந்திரிக்காடு படர்ந்த செம்மண் மேட்டில் மூன்று சின்னப் பள்ளங்களாகப் பிறக்கிறது. மூன்றும் ஒரு புளியமரத்தடியில் கூடி, பதினோரு கிலோமீட்டர் இறங்கிப் போய்ப் பரவனாற்றில் விழுகின்றன. சில இடங்களில் வேட்டியை மடித்துக் கட்டாமலே தாண்டிவிடலாம். ஆனாலும் அதற்கென்று ஒரு குணம் இருந்தது. அந்தக் குணம் அறிந்த ஆள் இப்போது நெய்வேலிப் பக்கத்தில் ஒருத்தன்தான் மிச்சம். அவன் பெயர் தனகோட்டி.

குணம் என்றால் இதுதான். ஐப்பசியில் முதல் இரண்டு மழையைச் செம்மண் மேடு முழுசாகக் குடித்துவிடும், ஒரு சொட்டு கீழே விடாது. மூன்றாவது மழைக்குத்தான் ஓடை எழும். எழுந்தால் அரை நாளில் கரை தொடும், மறுநாளே முழங்காலுக்கு இறங்கிவிடும். கார்த்திகை முழுக்க இப்படி ஏறி இறங்கி, தையில் மெலிந்து, பங்குனியில் வெறும் மணலாகிக் கிடக்கும். மேலே பார்க்கிறவன் ஓடை செத்துவிட்டது என்பான். ஒரு முழம் தோண்டிப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். மணலுக்கு அடியில் அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். சித்திரையில்கூட சரியான இடம் பார்த்து ஊத்துத் தோண்டினால் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் ஒரு குடம் நிறையும்.

பிறகு சுரங்கம் அந்தப் பக்கமாக நகர்ந்து வந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ஓயாமல் இறைத்து வெளியே விடாவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். இறைத்த தண்ணீருக்கு ஒரு போக்கிடம் வேண்டும், நண்டோடை சும்மாதானே கிடக்கிறது என்று அதில் விட்டார்கள். அதற்கப்புறம் ஓடைக்கு மாதக் கணக்கே மறந்து போயிற்று. அக்னி நட்சத்திரத்திலும் தொடையளவு ஓடுகிறது. நண்டுகளுக்கு மட்டும் அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை.

சுரங்கம் நகர நகர ஓடையையும் நகர்த்தினார்கள். 2004-இல் ஒரு தடவை, 2013-இல் ஒரு தடவை. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் மாற்றிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி அதுவும் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டுப் புதுக் கால்வாயில் குடியேறியது. காலியான பழைய பள்ளத்தின் மேல் சுரங்கத்து மேல்மண்ணைக் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது ஒரு குன்று உயரம் ஆயிற்று. மண்மேடு என்று அதற்குப் பெயர்.

தனகோட்டிக்கு வேலை புதுக் கால்வாயில். கரையில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு, அதில் சென்டிமீட்டர் கோடுகள் போட்ட தகடு அடித்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதவேண்டும். நடுவில் உள்ள நேரத்தில் கால்வாயில் அடைக்கிற செடி கொடிகளை வெட்டி எறியவேண்டும். இருபது வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. அதற்குள் நான்கு கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள், கம்பத்தை மூன்று தடவை பிடுங்கி நட்டார்கள், அவன் மட்டும் அதே நோட்டுப் பழக்கத்தோடு நின்றுகொண்டிருக்கிறான். பர்மனென்ட் ஆகும் என்று யாரோ சொன்னபோது 'சரி' என்றான். ஆகாது என்றபோதும் 'சரி' என்றான்.

அவனுடைய 'சரி' அந்தச் செக்‌ஷனில் பிரபலம். ஊர் நிலம் எடுத்த அன்று கையெழுத்துக் கேட்டார்கள், சரி. மாற்றுக் குடியிருப்பில் வீட்டு வாசல் மேற்கே பார்த்து அமைந்தது, சரி. மகள் எழில்மதி மேல்பட்டாம்பாக்கத்துப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள், அதற்கும் சரி. கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பொறுமைசாலி என்பார்கள். பொறுமையுமில்லை, ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவனுக்குள் ஏதோ மரத்துப்போயிற்று, அதற்குப் பிறகு எது வந்து விழுந்தாலும் அவனுக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மத்தியானத்தைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

தனகோட்டிக்கும் வீரம்மாளுக்கும் எழில்மதிக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். பத்தொன்பது நாள் இருந்தான். பேர்கூட வைக்கவில்லை. சித்திரை மாதம், காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. தலைச்சன் பிள்ளை போய்விட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதைத்த இடம் வெளியே தெரியக்கூடாது. மை வைக்கிற மந்திரவாதி தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம். அதனால் அப்பன் ஒருத்தன் மட்டும்தான் தூக்கிக்கொண்டு போவான். பெற்றவளிடம்கூட இடத்தைச் சொல்லமாட்டான். சொன்னால் அவள் கால் தன்னால் அங்கே போகும், அவள் கால் போகிற பக்கம் ஊரின் கண்ணும் போகும்.

தனகோட்டி உச்சி வெயிலில் போனான். அந்த வெயிலில் நாய்கூட நிழலைவிட்டு வெளியே வராது. வறண்டு கிடந்த நண்டோடையின் கரையடியில் தன் இடுப்பளவு தோண்டி, பழஞ்சேலையில் சுற்றிய பிள்ளையைக் கிடத்தி, மூடி, முள் போட்டு, அதுவே அடையாளமாகிவிடும் என்று முள்ளையும் எடுத்துவிட்டு, மண்ணைக் கையால் தடவிச் சமன் செய்தான். எழுந்து பார்த்தால் ஓடை மணலெல்லாம் அவன் காலடி. போதாததற்குத் தோளில் மண்வெட்டி. யாராவது கேட்டால் என்ன சொல்வது? பயத்தில் அவன் ஒரு காரியம் செய்தான். நாலடி தள்ளி ஒரு ஊத்துத் தோண்டினான். ஊத்துத் தோண்ட வந்தேன் என்று சொல்லிவிடலாமே.

வந்த வினை அங்கேதான். அந்த ஊத்தில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. இளநீர் மாதிரி தண்ணீர். மறுநாள் ரெண்டு பெண்கள் குடத்தோடு வந்தார்கள், ஒரு வாரத்தில் ஊரே வரிசையில் நின்றது. பதினாறாம் நாள் கழிந்ததும் வீரம்மாளும் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கோடை முழுக்கத் தினம் இரண்டு நடை, பால் கட்டிய மார்போடு, பிள்ளைக்கு நாலடி தள்ளிக் குனிந்து குனிந்து தண்ணீர் மொண்டாள். தனகோட்டி அதைக் கரைமேல் நின்று பார்த்தான். அந்த மத்தியானம் மரக்கத் தொடங்கியது முழுசாக மரத்துப்போனது அப்போதுதான்.

வீரம்மாள் கேட்காமலில்லை. முதல் ஆறேழு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறு போடும்போது கேட்பாள், எழில்மதிக்குத் தலை சீவிக்கொண்டே கேட்பாள். "எங்க வெச்சீங்க?" அவன் "ஓடையோரம்" என்பான். ஓடையோரம் என்றால் பதினோரு கிலோமீட்டர். 2004-இல் ஓடையை மாற்றி, பழைய பள்ளத்தில் மண் கொட்ட ஆரம்பித்த அன்று கடைசியாகக் கேட்டாள்.

"மண்ணு கொட்டுற எடத்துலயா இருக்கான்?"

"தெரியல" என்றான் தனகோட்டி.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இடம் அவனுக்குத் தெரியாமலில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில் உயரழுத்தக் கம்பி போகிற டவர் ஒன்று உண்டு. அதன் தெற்குக் காலிலிருந்து நாற்பத்தொரு தப்படி. லாரிகள் வருவதற்கு முன்பே எண்ணி வைத்துக்கொண்டான். மண்மேடு எத்தனையோ பக்கம் பருத்தது, ஆனால் டவர் இருந்ததால் அந்தத் துண்டில் மட்டும் மண் கொட்டவில்லை. மேட்டின் அடிவாரத்துக்கும் லாரிப் பாதைக்கும் நடுவே இருநூறு மீட்டர் நீளத்துக்குப் பழைய ஓடைத் தரை ஒரு முழம் புழுதியோடு அப்படியே கிடந்தது. தனகோட்டி அந்தப் பக்கம் போவதில்லை. போகாமலிருப்பதுதான் காவல் என்று நினைத்துக்கொண்டான்.

இந்த வருஷம் ஐப்பசி மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மூன்றாவது மழை முடிந்த மறுநாள், மண்மேட்டின் அடிவாரத்தில் ஈரம் கசிந்தது. அதற்கு மறுநாள் அடிவாரம் லேசாக வீங்கியது. மேட்டின் இடுப்பில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. அடிவாரத்தை ஒட்டி ஒரு பம்பு ஷெட் இருக்கிறது, ஷிப்டுக்கு மூன்று பேர் உள்ளே இருப்பார்கள். மேடு சரிந்தால் முதலில் அவர்கள்மேல்தான் விழும்.

பார்வையிட வந்தவள் சண்முகப்பிரியா. தண்ணீர் சம்பந்தப்பட்ட இன்ஜினியர், மதுரைப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாகத் தனகோட்டியின் பழைய நோட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கி இரண்டு நாள் படித்தாள். இருபது வருஷத்தில் அந்த நோட்டுகளைப் படித்த முதல் ஆள் அவள்தான்.

"அண்ணே, பழைய ஓடையை மூடிட்டோம். ஆனா முந்திரிக்காட்டுச் செம்மண் மேட்டுல பெய்யிற மழைக்கு அது தெரியலை. பழைய மணல் வழியாவே கீழ கீழ வந்து மண்மேட்டுக்கு அடியில முட்டுது" என்றாள். "அந்தப் பழைய தடத்துலயே ஒரு வாய்க்கால் வெட்டி, சல்லி போட்டுக் குழாய் பதிச்சா தண்ணி வெளிய வந்துடும். மேடு நின்னுடும். ஆனா தடம் எங்கன்னு மேப்புல சரியா இல்லை. கோடு போட்டிருக்கிற பேனாவோட தடிமனே தரையில முப்பது மீட்டர் வருது. நீங்க காட்டணும்."

"சரிங்க மேடம்" என்றான் தனகோட்டி. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

முளைக்குச்சிகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பத்து மீட்டருக்கு ஒரு குச்சி. மேட்டின் அடியிலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே வந்தான். கண்ணைக் கட்டி விட்டாலும் அவன் தடம் தப்பமாட்டான். சண்முகப்பிரியா பின்னால் கருவியை வைத்து ஒவ்வொரு குச்சியையும் பதிந்துகொண்டே வந்தாள். எட்டாவது குச்சியை அடித்துவிட்டு நிமிர்ந்தான். எதிரே டவர். ஒன்பதாவது குச்சி விழவேண்டிய இடம் அவனுக்குத் தெரியும். கால் அங்கே போகவில்லை. கிழக்கே திரும்பி முப்பதடி விலகிப் போய் ஒன்பதை அடித்தான், பத்தையும் அப்படியே அடித்தான், பதினொன்றில் பழைய தடத்துக்கு வந்து சேர்ந்தான்.

"இங்க ஏன் வளையுது?" என்று கேட்டாள் அவள்.

"பாறைங்க மேடம்."

"இந்த மண்ணுல பாறையா?"

"செம்பாறாங்கல்லு. தண்ணி அத சுத்திகினு போவும்."

அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். நண்டோடைக்குப் பிறவியில் இல்லாத ஒரு வளைவு அன்றைக்கு வரைபடத்தில் ஏறிற்று. தனகோட்டிக்குப் பொய் சொன்ன உறுத்தல்கூட வரவில்லை. குச்சிக் கட்டு காலியானதும் இரண்டு மணி ரீடிங் பார்க்கக் கிளம்பிவிட்டான். முப்பத்தெட்டு.

விஜயராஜ் பொக்லைன் ஓட்டுகிறவன். கம்மாபுரத்துக்காரன், வாய் ஓயாது. வாய்க்காலை ஐந்தே நாளில் வெட்டி முடித்தான். தனகோட்டி முதல் நாள் பூராவும் ஒன்பதாவது குச்சிப் பக்கத்திலேயே நின்றான். "இன்னாண்ணே, நான் வெட்டுனா கோணிக்குமா? இப்பிடி மொறச்சிகினு நிக்கிற?" என்று விஜயராஜ் சீண்டினான். இயந்திரத்தின் வாளி முப்பதடி விலகியே போயிற்று. தனகோட்டி போய்ச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான்.

குழாய் பதித்து, சல்லி போட்டு முடித்தார்கள். எட்டாவது குச்சி வரை தண்ணீர் நன்றாக வந்தது. அங்கே சல்லிக்குள் இறங்கி எங்கோ காணாமல் போயிற்று, அதற்குக் கீழே குழாய் காய்ந்து கிடந்தது. சண்முகப்பிரியா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். கார்த்திகை பிறந்து, விடாமல் மூன்று நாள் பெய்தது. கம்பத்தில் அறுபத்தொன்று. மேட்டின் வெடிப்பில் இப்போது விரல் நுழைந்தது.

நாலாம் நாள் மழை விட்ட காலையில், ஆறு மணி ரீடிங் எழுதிவிட்டுத் தனகோட்டி தன்னை மீறி டவர் பக்கம் நடந்தான். நாற்பத்தொரு தப்படி எண்ணத் தேவையே இருக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. முட்டிக்கொண்டு வந்த தண்ணீர் அவன் கொடுத்த வளைவைச் சட்டை செய்யவில்லை. எட்டாவது குச்சியிலிருந்து நேராக வந்து, பழைய ஊத்து இருந்த இடத்தில் தரையைத் திறந்துகொண்டு கொப்பளித்தது. கலங்கல் இல்லாத தண்ணீர். அதோடு வெள்ளை மணல் எழும்பி எழும்பிச் சுற்றிலும் வட்டமாகப் படிந்துகொண்டிருந்தது. அடியில் இருக்கிற மணலை அது அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மணல் போகப் போக மேடு உட்காரும்.

பம்பு ஷெட்டிலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. விஜயராஜ் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

தனகோட்டி கொஞ்ச நேரம் நின்றான். காலில் தண்ணீர் ஏறியது. அப்புறம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

சண்முகப்பிரியா அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். கொப்பளிக்கிற இடத்தைப் பார்த்தாள், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள். முதல் வேலையாக ஷெட்டில் இருந்தவர்களை வெளியே வரச் சொன்னாள். பிறகுதான் கேட்டாள்.

"பாறை எங்கண்ணே?"

"பாற இல்லிங்க மேடம். ஓட இங்க நேராத்தான் போவும்."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க? மூணு உசுரு இருந்துச்சுண்ணே அந்த ஷெட்டுக்குள்ள!" அவள் குரல் உடைந்தது.

தனகோட்டி தரையைக் காட்டினான். சொன்னான். எந்த வருஷம், எத்தனை நாள் பிள்ளை, டவரிலிருந்து எத்தனை தப்படி. ரீடிங் சொல்கிற அதே குரலில் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன், ஊத்துத் தோண்டியதைச் சொல்ல வந்தபோது நிறுத்திக்கொண்டான்.

அவள் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "எவ்வளவு ஆழம்?" என்றாள்.

"என் இடுப்பு மட்டம். மேல ஒரு மொழம் புழுதி."

"வாய்க்கால் அதுக்கும் கீழ போகணும்ணே. தள்ளி வெட்டிப் பாத்தாச்சே, தண்ணி வரமாட்டேங்குது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு முழுக்கச் சுத்தி மணல் மூட்டை அடுக்கி வைக்கிறேன். ஷெட்டுல யாரும் வேணாம். நாளைக்குக் காலையில பத்து மணி. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

"சரி" என்றான். இந்தத் தடவை அந்தச் சொல் வாய் பழக்கத்தில் வரவில்லை.

வீரம்மாள் டவுன்ஷிப்பில் பதினொன்றாவது பிளாக்கில் சாலை கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, கால் கழுவி, அடுப்பைப் பற்றவைத்துக் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தனகோட்டி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தாறு வருஷமாகக் கட்டிக் காத்ததை எந்த முனையில் பிடித்து இழுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எழிலம்மா" என்றான். "அந்தப் பெரிய ஊத்து ஞாவகம் இருக்குதா?"

"எந்த ஊத்து?"

"சித்தரையில தோண்டனது. ஊரே மொண்டுகினு போச்சே."

"நீங்க தோண்டுனீங்களே, அதா?" அவள் கழுவுகிற கை நிற்கவில்லை. "அந்தத் தண்ணிக்கு இன்னா இப்ப?"

"அதுக்கு நாலடி மேக்க" என்றான் தனகோட்டி. அதற்கு மேல் வரவில்லை.

கை நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீரம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்த முதுகு ஒரு தடவை ஏறி இறங்கியது. அழுவாள் என்று நினைத்தான், அடிப்பாள் என்றுகூட நினைத்தான். அவள் குழாயை மூடினாள்.

"தெனம் ரெண்டு நட போனேன்" என்றாள்.

"ஆமா."

"நீங்க கரைமேல நின்னுகினு பாத்தீங்க."

"ஆமா."

"ஒருநா தண்ணி எடுக்கையில மார்ல பால் கசிஞ்சிது. ஊத்துலியே வுழுந்துது. பக்கத்துல இருந்தவ பாத்துட்டு மூஞ்சத் திருப்பிகினா." அவள் கருவாட்டை எடுத்துச் சட்டியில் போட்டாள். "இப்ப ஏன் சொல்றீங்க?"

சொன்னான். மேடு, வெடிப்பு, ஷெட்டு, நாளைக்குப் பத்து மணி எல்லாவற்றையும் சொன்னான். தோண்டினால் தோண்டட்டும், இல்லையென்றால் நான் போய்ப் பொக்லைன் முன்னால் படுத்துக்கொள்கிறேன், நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி என்றான். அவனுக்கே தன் பேச்சு வேறு யாரோ பேசுவது போல இருந்தது. வீரம்மாள் அடுப்பை அணைத்தாள். குழம்பை இறக்கி, அவனுக்குப் போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உப்பு கூடுதல். இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

காலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டுக் கூட வந்தாள். உள்ளே போக பாஸ் வேண்டும். சண்முகப்பிரியா தானே கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டு, தன் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்து வாரை மாட்டிவிட்டாள். ஈரத் தலையில் அது நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. வீரம்மாள் ஒரு கையால் அதைப் பிடித்தபடி நடந்தாள்.

மணல் மூட்டைகளுக்கு நடுவில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. ஒரு ஓரத்தில் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது. விஜயராஜ் பொக்லைனை முப்பதடி தள்ளி நிறுத்திவிட்டு, இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றான். அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

தனகோட்டி இடத்தைக் காட்டினான். வீரம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தல எந்தப் பக்கம்?"

நண்டோடையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எத்தனை அகலம், எத்தனை ஆழம், எந்த மாதம் எவ்வளவு ஓடும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறான். இது அவன் எதிர்பார்க்காத கேள்வி. அந்த மத்தியானம் அப்படியே கண்முன்னால் வந்தது. வெயில், பழஞ்சேலையின் சிவப்புக் கரை, கையில் கனமே இல்லாத ஒரு கனம்.

"தெக்கால வெக்கணும்னு தெரியும்" என்றான். "அன்னிக்கித் தெச பாக்குற புத்தி இல்ல எனக்கு. தண்ணி வர்ற பக்கமா வெச்சேன்."

அவள் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தாள். சேலை நனைந்தது. உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி, ஓடை வரும் பக்கத்து மண்ணில் மெதுவாக விட்டாள். இடது கையைக் குவித்து நெற்றிக்கு நேராகப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள், குழந்தையின் கண்ணில் தண்ணீர் போகாமல் இருக்கத் தாய்மார்கள் பிடிப்பார்களே அப்படி. மூன்று கை விட்டாள். நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தாள்.

"இம்மாங் காலமும் ஈரத்துலயே கெடந்திருக்கான்" என்றாள். "நான் எங்கியோ காஞ்ச எடத்துல இருக்கான்னு நெனச்சிகினு இருந்தேன்."

பிறகு விஜயராஜைப் பார்த்து, "எடுங்க தம்பி. மிஷின் வேணாம்" என்றாள்.

விஜயராஜ் மண்வெட்டியோடு இறங்கினான். தனகோட்டியும் இன்னொன்றை எடுத்தான். ஒரு பக்கம் தண்ணீர் நிறைய நிறைய, சண்முகப்பிரியா சின்ன மோட்டாரை வைத்து இறைத்துக்கொண்டே இருந்தாள். புழுதியைத் தாண்டி இடுப்பளவு போனதும் தனகோட்டி கையால் துழாவினான். ஒன்றுமில்லை. பத்தொன்பது நாள் எலும்பு ஓடுகிற தண்ணீரில் இருபத்தாறு வருஷம் இருக்குமா? சேலைக் கரையின் நூல்கூட இல்லை. வெள்ளை மணல் மட்டும் இருந்தது, கழுவிக் கழுவி ஓடை சலித்து வைத்த மணல்.

அதைத்தான் இரண்டு கையாலும் அள்ளி மேலே நீட்டினான். வீரம்மாள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். மூன்று தடவை அள்ளிக் கொடுத்தான். போதும் என்று தலையாட்டினாள். முந்தானையை முடிந்து, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"முந்திரிக்காட்டு மேட்டுப் பக்கம் நல்ல செம்மண்ணு இருக்குது, ஈரம் நிக்காது" என்றான் தனகோட்டி. பள்ளத்துக்குள் நின்றபடியே அண்ணாந்து பார்த்தான். "ரெண்டு பேரும் போயி..."

"வேணாங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "நீங்க வெச்சது போதும். இனிமே நான் வெச்சிக்கிறேன். எங்கன்னு கேக்காதீங்க."

ஹெல்மெட்டைக் கழற்றி மணல் மூட்டைமேல் வைத்தாள். கேட்டைப் பார்த்து நடந்தாள். கேட்டுக்கு வெளியே மூன்று பாதை பிரிகிறது. எதில் திரும்புகிறாள் என்று அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். சண்முகப்பிரியா பார்த்தாள். விஜயராஜும் பார்த்தான். தனகோட்டிக்கு நெஞ்சு வலித்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வலித்தது. 'எங்க' என்று கேட்டுவிட வாய் துடித்தது. இந்தச் சொல்லை அவள் எத்தனை வருஷம் வாயில் வைத்துக்கொண்டு அலைந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி, கால்வாய்க் கரைக்குப் போய், கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் பொக்லைன் கிளம்புகிற சத்தம் கேட்டது. உச்சிப் பொழுதுக்குள் புதிதாக வெட்டிய வாய்க்கால் வழியே தண்ணீர் நேராக வந்து கால்வாயில் விழுந்தது. கம்பத்தில் ஒரு கோடு ஏறியது. ரீடிங் நேரம் இல்லை, ஆனாலும் நோட்டை எடுத்து எழுதினான். அறுபத்திரண்டு.